உள்ளே பெயிண்ட் அடித்த அடுப்பு

1

போன மாதம் வீட்டுக் காப்பீட்டுக்காரர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. என் வீட்டுக் கீழ்த்தளத்தில் விறகு அடுப்பு ஒன்று இருக்கிறது என்று நானே போன் செய்து சொன்னதன் விளைவு அது. அடுப்பை எரிப்பதானால் நாலு பக்கப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். அதற்கென்று படித்துத் தேறிய பரிசோதகர் வந்து பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். சான்றிதழ் இல்லாமல் தீப்பெட்டியைத் தொட்டால், வீடே எரிந்து போனாலும் அவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அடுப்பு பற்ற வைக்க ஆபீசர் கையெழுத்தா என்று எங்கள் ராயபுரத்தில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். இங்கே வந்த புதிதில் நானும் இதற்கெல்லாம் சிரித்தவன்தான்.

கனடாவின் கிழக்குக் கரையில், கடலை ஒட்டிய சிறிய ஊர் இது. ஒரு காகித ஆலையின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். மனைவி போய் நாலு வருடம் ஆகிறது. போன குளிர்காலத்தில் பனிமழை பெய்து மின்கம்பிகள் அறுந்து நாலு நாள் மின்சாரம் இல்லை. இங்கே மின்சாரம் இல்லையென்றால் வீட்டில் சூடும் இல்லை. கோட்டும் குல்லாயும் இரண்டு போர்வையுமாக உட்கார்ந்திருந்த என்னை எதிர்வீட்டுக்காரர் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். தன் வீட்டு விறகடுப்பின் முன்னால் உட்கார வைத்துச் சூப் கொடுத்தார். இருபது வருடத்தில் அவரோடு நான் பேசியதெல்லாம் ஒரு வணக்கமும் வானிலையும்தான். அந்த நாலு நாளை நான் மறக்க மாட்டேன்.

அப்போதுதான் என் கீழ்த்தளத்து அடுப்பு ஞாபகம் வந்தது. வீட்டை வாங்கியபோதே கூட வந்தது. இடுப்புயரம், நாலு வளைந்த கால், முழுக்க வார்ப்பிரும்பு. மனைவி அதன் தலையில் பூந்தொட்டிகளை வைத்திருந்தாள். தொட்டித் தண்ணீர் வடிந்து வடிந்து மேல்தகடு முழுக்கத் துருவேறியிருந்தது. அதைச் சரி செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

படிவத்தில் பதினாலாவது கேள்வி: ‘இந்த அடுப்பில் தகுதியற்ற எவரேனும் எப்போதாவது பூச்சு வேலையோ மாற்றமோ செய்ததுண்டா?’

ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். இந்த அடுப்பைப் பொறுத்தவரை, எனக்குத் தெரிந்து அதுவரை ‘இல்லை’ என்பதுதான் உண்மை. ஆனாலும் பேனா அந்தக் கட்டத்தின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

2

வார்ப்பிரும்பு அடுப்பு என்பது தனித்தனித் தகடுகளை போல்ட் போட்டு முடுக்கி, இடுக்குகளில் சூடு தாங்கும் சிமென்ட் பூசிச் செய்த பெட்டி. பழசைப் புதுப்பிக்க வேண்டுமானால் முழுக்கக் கழற்ற வேண்டும். போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு மூன்று நாள் ஊற வைத்தேன். அப்படியும் ஏழில் இரண்டு முறிந்தன. பழைய சிமென்ட்டைச் சுரண்டி எடுத்தேன். ஒவ்வொரு தகட்டையும் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை உதிர்த்தேன். எழுபத்தேழு வயதில் ஒரு நாளைக்கு ஒரு தகடுதான் முடியும்.

துரு போனபின் வெறும் இரும்பு சாம்பல் நிறத்தில் பளிச்சென்று தெரியும். இரண்டு நாள் விட்டால் மறுபடி துரு பிடிக்கும். அதற்குள் கரிய கிராஃபைட் பசையைத் துணியில் தொட்டுத் தேய்க்க வேண்டும். பென்சிலின் நடுவில் இருக்கிறதே, அதே சரக்கு. அதை வாங்கக் கடைக்குப் போனேன். அதற்கு ஆங்கிலத்தில் என்ன பேர் என்று வாயில் வரவில்லை. “அடுப்புக்குப் போடும் ஷூ பாலிஷ்” என்று சொன்னேன். கடைப்பெண் மிகுந்த மரியாதையோடு என்னைச் செருப்புப் பகுதிக்கு அழைத்துப் போய் விட்டாள். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலத்தில் காலம் தள்ளியவன் கடைசியில் கையால் தேய்த்துக் காட்டித்தான் வாங்கி வந்தேன்.

என் மகள் ரீட்டா இரண்டு மணி நேரக் கார் தூரத்தில் இருக்கிறாள். முன்பு ஞாயிறுதோறும் வருவாள், இப்போது மாதம் ஒரு ஞாயிறு. அவள் ஆங்கிலத்தில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன். ராயபுரம் அவளுக்கு இரண்டு முறை போய் வயிறு கெட்டுத் திரும்பிய ஊர். அவ்வளவுதான்.

அவள் வந்தபோது நான் முழங்கை வரை கறுப்பாக இருந்தேன்.

“சூடு தாங்குற பெயிண்ட் டப்பாவுல விக்குதே, அப்பா. பத்து நிமிஷ வேலை. எதுக்கு இந்தக் கோலம்?” என்றாள்.

“அது நல்ல பெயிண்ட்தாம்மா. எனக்குத்தான் அடுப்பில் பெயிண்ட் அடிக்கக் கை வராது.”

“ஏன்?”

நாற்பத்தாறு வருடத்தில் அவள் என் பழைய கதை எதையும் தானாகக் கேட்டதில்லை. கேட்டுவிட்டாள். சொன்னேன்.

3

எழுபதுகளின் தொடக்கம். பெற்றோர் சீக்கிரமே போய்விட்டதால் என் அக்கா லூர்துமேரி வீட்டில்தான் இருந்தேன். அக்காவின் கணவர் அந்தோணி. நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். துறைமுகத்தில் சிப்பிங் வேலை அவருக்கு. கப்பலின் பக்கவாட்டில் பலகை கட்டித் தொங்கி, சுத்தியலால் துருவைத் தட்டி உதிர்த்து, சிவப்பு ஈயம் கலந்த பூச்சை அடிக்க வேண்டும். துறைமுகத்தில் அதை ‘ரெட்லெட்’ என்பார்கள். வேலை நிரந்தரம் கிடையாது. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் வீடு. அந்த வேலையில் அவர் தொங்கித்தான் நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தேன்.

எங்கள் பக்கத்தில் இரும்பு என்று ஒன்று இருந்தால் அதற்கு ரெட்லெட் அடிப்பார்கள். உப்புக்காற்று அப்படி. ஜன்னல் கம்பி, கட்டில், தையல் மெஷின் கால், கல்லறைச் சிலுவை எல்லாவற்றுக்கும் முதலில் சிவப்பு, மேலே கப்பலில் மிஞ்சிய கறுப்போ சாம்பலோ. எங்கள் தெருவில் இரண்டு வீட்டு வாசற்கதவு ஒரே கப்பலின் நிறத்தில் இருந்தது. அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

பள்ளியில் எனக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த டொரீன் டீச்சர் ஓய்வு பெற்று எண்ணூரில் இருந்தார். ஆங்கிலோ இந்தியப் பெண்மணி, கணவர் இறந்துவிட்டார். அவருடைய தம்பி கனடாவில் ஒரு காகித ஆலையில் இருந்தார். எனக்காகத் தம்பிக்குக் கடிதம் எழுதுவதாக டீச்சர் சொல்லியிருந்தார். கணவர் வேலை பார்த்த எண்ணூர்த் தொழிற்சாலையிலும் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. அங்கே பெயிண்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், உன் மாமாவுக்குச் சிபாரிசுக் கடிதம் தருகிறேன் என்றும் சொன்னார். நிரந்தர வேலை, கூடவே குடியிருக்க ஒரு வீடு. அந்த வீட்டுக்குள்ளேயே குழாய் உண்டு என்று கேள்விப்பட்டதிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் இல்லை. மாதா படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்பது வரை முடிவாகிவிட்டது.

டீச்சர் வீட்டில் சீமையிலிருந்து வந்த வார்ப்பிரும்பு விறகடுப்பு ஒன்று இருந்தது. கீழே விறகு எரியும் அறை, பக்கத்தில் கேக் சுடும் அறை. கிறிஸ்துமஸுக்கு அந்தத் தெருவே அதில்தான் கேக் சுடும். துருவேறி இரண்டு வருடமாக எரியவில்லை. “நாங்க சரி பண்ணித் தரோம், டீச்சர்” என்று முந்திக்கொண்டு சொன்னவன் நான்.

மாமா மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து துருவைத் தட்டினார். அவ்வளவு சுத்தமாகத் தட்டினார். ஓரத்தில் இருந்த இலைகொடி வேலைப்பாட்டை ஆணியால் கீறிக் கீறித் துலக்கினார். மூன்றாவது ஞாயிறு சாயங்காலம் நான் ரெட்லெட் டப்பாவைத் திறந்தேன்.

“இன்னா மச்சான், உள்ளயுமா அடிக்கப் போற?”

“உள்ளதானே மாமா சீக்கிரம் துரு பிடிக்கும்.”

“நெருப்பு படற எடம்ப்பா அது. திருவொத்தியூர்ல இரும்பு வார்க்கிற ஃபவுண்டரில நம்ம தோஸ்து ஒருத்தன் கீறான். நெருப்புக்கு இன்னா பூசறதுன்னு அவனைக் கேட்டுகினு வரேன். ஒரு வாரம் பொறு.”

“வர்ற சனிக்கிழமை கேக் போடறாங்க மாமா. நான் கெமிஸ்ட்ரி படிச்சவன். ரெட்லெட்டுன்னா ஆக்ஸைடு. ஏற்கெனவே எரிஞ்ச ஈயம் அது. அது திரும்ப எப்படி எரியும்?”

அவர் என்னைப் பார்த்தார். “பட்சவன் சொல்ற. எனக்கு இன்னா தெரியும்?” என்று பிரஷ்ஷை எடுத்தார்.

ஆக்ஸைடு எரியாது என்பது சரிதான். அதைக் குழைத்திருந்த எண்ணெய் எரியும் என்பது அன்றைக்கு என் பட்டத்திலிருந்து வெளியே வரவில்லை. உள்ளே சிவப்பு, வெளியே கப்பல் கறுப்பு. பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது.

4

சனிக்கிழமை எட்டு வீட்டு கேக் டின்கள் வந்தன. பெண்களும் பிள்ளைகளுமாகச் சமையலறை நிறைந்திருந்தது. டீச்சர் நல்ல கவுன் போட்டிருந்தார். மேஜை மேல் ஒரு உறை. மாமாவின் பேர் எழுதியது.

அரை மணி நேரத்தில் கறுப்புப் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. கேக் அறைக் கதவின் விளிம்பிலிருந்து மஞ்சள் புகை வந்தது. எல்லோரும் இருமிக்கொண்டே வெளியே ஓடினார்கள். நான் பதறி வாளித் தண்ணீரைத் தூக்கினேன்.

“ஊத்தாத! வார்ப்பு வெடிச்சிரும்!” என்று மாமா என் கையைத் தட்டிவிட்டார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். எரியும் கட்டைகளை ஒவ்வொன்றாக மண்வாரியில் எடுத்துத் தோட்டத்து மணலில் போட்டார். அடுப்பு பிழைத்தது. எட்டு கேக்கும் போயிற்று. ஈயப்புகை பட்டது என்பதால் நாய்கூடத் தின்னக் கூடாதென்று குழி தோண்டிப் புதைத்தோம்.

டீச்சர் இருமலினிடையே ஆங்கிலத்தில் கேட்டார்: “உள்ளே பெயிண்ட் அடிக்கச் சொன்னது யார்?”

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். “இவர் கப்பலுக்குப் பெயிண்ட் அடிப்பவர், டீச்சர். என்னைக் கேட்காமல் அடித்துவிட்டார்.”

மாமாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம் புரியும். கப்பலில் கேட்டுக் கேட்டு வந்தது. முகம் முழுக்கக் கரி. என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு டீச்சரிடம், “ஆமாம்மா. என் தப்புதான்” என்றார்.

டீச்சர் மேஜை மேலிருந்த உறையை எடுத்து அலமாரிக்குள் வைத்தார்.

வீட்டில் அக்கா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அவரைக் கேட்டாள். “கடலு மாதிரி கப்பலுக்கு அடிக்கிற. ஒரு அடுப்புக்குப் பெயிண்ட் அடிக்கத் தெரியல உனக்கு?” மாமா கை கழுவப் போனார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மீன் குழம்பு. மறுபடி ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டேன்.

5

அதற்கடுத்த ஞாயிறு மாமா தனியாக எண்ணூருக்குப் போனார். அதற்கடுத்ததும் போனார். மொத்தம் ஐந்து ஞாயிறு. தான் தட்டிச் சுத்தம் செய்த அடுப்பை, நான் பாழாக்கிய பூச்சு போக, மறுபடி இரும்பு தெரியும் வரை தட்டினார். ஃபவுண்டரி நண்பரிடமிருந்து, வார்ப்பு அச்சுக்குப் பூசும் கிராஃபைட் பொடி ஒரு டப்பா வாங்கி வந்து தேய்த்தார். சின்ன நெருப்பாக மூன்று நாள் எரித்துப் பழக்கிய பிறகுதான் பெரிய நெருப்பு வைக்க விட்டார்.

டீச்சர் மனம் குளிர்ந்துபோய் என்னைக் கூப்பிட்டனுப்பினார். “தவறு நடந்தாலும் ஆளை விடாமல் அனுப்பி முடித்துக் கொடுத்தாயே” என்று என்னிடம் சொன்னார். நான் அனுப்பவில்லை. அதையும் சொல்லவில்லை. அன்றே தம்பிக்கு எனக்காகக் கடிதம் எழுதினார். தொழிற்சாலையில் பெயிண்டர் வேலைக்கு அதற்குள் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வருடம் நான் கிளம்பினேன். மீனம்பாக்கத்தில் என் பெட்டியைத் தலையில் வைத்துத் தூக்கி வந்தவர் மாமா. “குளிரு ஊருன்றாங்க. பேஜாரு பண்ணிக்காம ஒயுங்கா துண்ணு” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன புத்திமதி.

எனக்கு எல்லாம் கிடைத்தது. வேலை, வீடு, நல்ல மனைவி, பனியில் கைபிடித்து அழைத்துப் போகும் எதிர்வீட்டுக்காரர். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன் என்றும் சொல்ல வேண்டும். அக்கா பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் அனுப்பினேன், அதோடு சரியாயிற்று என்று வைத்துக்கொண்டேன். ஆனால் ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும், ஏதாவது சின்னச் சண்டையில் அக்கா அந்த வார்த்தையை எடுப்பாள். “ஒரு அடுப்புக்குப் பெயிண்ட் அடிக்கத் தெரியாத மனுசன்.” பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

6

ரீட்டா கேட்டு முடித்ததும் சொன்னாள்: “அதாவது, நீங்க பொய் சொன்னீங்க. அவருக்கு வேலை போச்சு.”

நான் அந்தச் சம்பவத்துக்கு மனதுக்குள் எத்தனையோ வார்த்தை வைத்திருந்தேன். வயசு, அவசரம், பயம். இப்படி இரண்டு வாக்கியமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. என் மகளுக்கு அந்தக் கூர்மையைக் கொடுத்ததற்கு இந்த நாட்டுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

“அவங்க உயிரோடதானே இருக்காங்க?” என்றாள்.

இருக்கிறார்கள். மாமாவுக்கு எண்பத்தாறு, அக்காவுக்கு எண்பத்திரண்டு. மறுநாள் காலை, அங்கே சாயங்காலம், போன் செய்தேன்.

“அக்கா, எண்ணூர் அடுப்பு ஞாபகம் இருக்கா?”

“அத்த மறப்பனா? தோ, அடுப்பு பெயிண்ட்டர் எதிர்லதான் குந்திகினு கீறாரு. காதுல வுழாத மாரி பேப்பர் படிக்கிறாரு.”

சொன்னேன். எதையும் குறைக்காமல் சொன்னேன். “இத்த ஏன்டா இப்ப சொல்ற?” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து மொட்டைமாடியிலிருந்து மாமா பேசினார். “இன்னா மச்சான், வூட்ல குண்டு போட்டுட்ட? உங்கக்கா ரெண்டு நாளா வாயத் தொறக்கல. கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்டி ஒரு அமைதிய நான் பாத்ததே இல்ல. மெய்யாலுமே பயமா கீது.”

“மன்னிச்சிடுங்க மாமா.”

“அட, உட்ரு.”

“அன்னிக்கு ஏன் மாமா ஆமான்னு சொன்னீங்க?”

“அந்தம்மா உன் மூஞ்சியவே பாத்துகினு இருந்துச்சு. உன் கனடா காயிதம் போவணும்ல? எனக்கு அது பூட்டாலும் ஹார்பர் கீது. உனக்கு அது பூட்டா இன்னா கீது?”

“அக்காகிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா உன்ன வூட்ட உட்டு தொரத்தியிருப்பா. அப்பால தொரத்திட்டமேன்னு அயுதுகினு இருப்பா. எனக்கு எது பேஜாரு கம்மின்னு பாத்தேன்.”

அக்கா மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று வாரத்தில் அடுப்பை முடுக்கினேன். பரிசோதகர் வந்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். நல்ல வேலை என்றார். மகிழ்ச்சியாக இல்லை.

பிறகு ஒரு காலையில் அவளே கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை.

“செபஸ்தி, நான் யார் யார்கிட்ட சொல்லிகீறேன் தெரியுமா? பெரியவளைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு சம்பந்தி முன்னாடி சொன்னேன். ஹார்பர்ல கடைசி நாள் வேலை முடிஞ்சி மாலையோட வந்து நிக்கிறாரு, அப்பவும் தெருவுல வச்சி சொன்னேன். அவரும் வாயத் தொறக்கல. நீயும் தொறக்கல. அம்பது வருசமா நான் ஒருத்தியே பேசிகினு இருந்துகீறேன்.”

“வந்து உன் கால்ல விழறேன்கா. அவர் கால்லயும்.”

“வா. வந்து வுழு. ஆனா நீ வுழுந்தா ஊருக்குத் தெரியுமா? காலேஜ் படிச்சவன்தான? எழுது. பேரு போட்டு எழுது. நான் யார்கிட்டல்லாம் சொன்னேனோ அவங்கல்லாம் படிக்கணும்.”

போனை வைப்பதற்கு முன், “அவரு நல்லா கீறாரு. டீ கேட்டாரு, போறேன்” என்றாள்.

7

அதனால்தான் எழுதுகிறேன்.

லூர்துமேரி அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் பலர் இன்றும் ராயபுரத்தில் இருக்கிறீர்கள். சம்பந்தி வீட்டார், பிள்ளைகள், தெருக்காரர்கள். என் பேர் செபஸ்தி. டொரீன் டீச்சரின் அடுப்புக்கு உள்ளே பெயிண்ட் அடிக்கச் சொன்னவன் நான். அந்தோணி மாமா வேண்டாம் என்றார், ஒரு வாரம் பொறு, தெரிந்தவனைக் கேட்டு வருகிறேன் என்றார். பற்றியபோது அடுப்பு வெடிக்காமல் காப்பாற்றியவர் அவர். பழியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டவர் அவர். பிறகு ஐந்து ஞாயிறு போய்ச் சரி செய்தவரும் அவர். அந்த அடுப்பைக் காட்டித்தான் நான் இந்த நாட்டுக்கு வந்தேன். இங்கே நான் தின்ற ஒவ்வொரு வேளைக்கும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இனி அவரைத் தெருவில் பார்த்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லுங்கள். காது கொஞ்சம் மந்தம், சத்தமாகச் சொல்ல வேண்டும். அவருக்கு இரும்பைப் பற்றித் தெரிந்திருந்தது. கேட்காதவன் நான்.